தமிழ் வழக்கில் ஆங்கிலச் சொற்களின் சொல்வகை

ஒரு சொல் பெயரோ வினையோ என்று துணிதற்கு அதன் பொருளை மட்டும் நோக்குதல் போதாது. ஆங்கிலத்தில் 'ரவுண்ட்' என்னும் ஒரே வடிவம், தொடரில் நிற்கும் இடத்திற்கேற்பப் பெயராகவும் வினையாகவும் பெயரடையாகவும் வினையடையாகவும் முன்னிடைச்சொல்லாகவும் வரும். அம்மொழியில் சொல்வகையைக் காட்டுவது பெரும்பாலும் இடமே. தமிழிலோ அதனைக் காட்டுவது சொல் ஏற்கும் உருபு. பெயர் வேற்றுமை ஏற்கும். வினை வேற்றுமை ஏலாது காலங் காட்டும் என்பது தொல்காப்பியர் கொள்கை. ஆகலின், தமிழில் புகுந்த ஆங்கிலச் சொல்லின் வகையை ஆங்கில அகராதி கொண்டு துணிதல் பொருந்தாது.

இதற்குச் சான்றாகத் திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதியின் பேச்சு வழக்கை நோக்குவோம். மானாவாரி நிலமும் வறண்ட குண்டாறும் உடைய இப்பகுதியில் நீரைப் பற்றிய பேச்சே மிகுதி. 'போருல தண்ணியில்ல', 'மோட்டார் ஆப் ஆயிருச்சு', 'வெயில் ஓவரா இருக்கு', 'இருக்கிறத வச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்பன போன்ற தொடர்கள் எளிதிற் செவிப்படும்.

ஆழ்துளைக் கிணற்றைக் குறிக்கும் 'போர்', ஆங்கிலத்தில் வினையாகவும் வரும். ஈண்டு ஏழாம் வேற்றுமை உருபேற்றுப் பெயராய் நின்றது. 'ஓவர்' ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல்லாகவும் வினையடையாகவும் வரும். ஈண்டு 'அழகாக' என்பதிற் போல 'ஆக' ஏற்றுப் பண்புப்பெயரின் நிலை எய்திற்று. 'அட்ஜஸ்ட்' ஆங்கிலத்தில் வினையே. ஆயினும் தமிழில் அது தானே காலங் காட்டாது. காலமும் இடமும் 'பண்ணு' என்பதன்மேல் ஏறுகின்றன. 'ஆப் பண்ணு', 'ஆப் ஆகு' என்னும் இணையில், செயப்படுபொருள் குன்றா வினையும் குன்றிய வினையும் துணைவினையாலேயே வேறுபடுதல் காண்க.

'ஆப்', 'அட்ஜஸ்ட்' என்பன வேற்றுமை ஏலாவே, அவற்றைப் பெயர் எனல் யாங்ஙனம் எனின், முழுப்பெயர் எனக் கூறுகின்றிலோம். துணைவினையை அவாவி நிற்கும் முதனிலைகள் எனலே அமையும். அவை தமிழில் வினையல்ல என்பது மட்டும் ஒருதலை.

இவ்விடத்து வடசொற்களை ஒப்பிடுதல் தகும். யோசித்தான், தியானித்தான், உபதேசித்தான் என அவை இகர ஈறு பெற்று நேரே காலங் காட்டின. ஆங்கிலச் சொற்களுக்கு அவ்வாயில் பொதுவழக்கில் திறக்கவில்லை. பெயர்க்கூட்டம் பிறமொழிச் சொல்லை எளிதில் ஏற்க, வினைக்கூட்டம் தன் எல்லையைக் காத்து நிற்கின்றது.

இது வகுப்பறைக்கும் உரிய செய்தி. சிற்றூர் மாணவரின் இத்தொடர்களைக் கொச்சை என்று மட்டும் கூறி ஒதுக்கின், அவற்றுள் பிழையின்றி இயங்கும் தமிழிலக்கணத்தை அவர்க்குக் காட்டும் வாய்ப்பை இழப்போம். 'ஓவரா' என்பதிலுள்ள 'ஆக' எங்கிருந்து வந்தது என வினவின், அம்மாணவர் தம் வாய்மொழியிலேயே விடை காண்பர். ஆங்கிலச் சொல்லை ஆங்கிலத் தொடரில் இடங்கொண்டும், தமிழ்த் தொடரில் உருபுகொண்டும் ஆராயப் பயிற்றுதலே இரு மொழிக்கும் நேர்மையான முறையாம்.