மறுபடியும் முதல் வரிசையில்...

ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். பாயும் குதிரையையும் மேலே ஈட்டியோடு இருக்கும் வீரனையும்தான் எல்லோரும் செல்போனில் படம் எடுக்கிறார்கள். குதிரையின் காலடியில் தரையில் நின்று சண்டை போடுகிறவர்களை யாரும் கவனிப்பதில்லை. எனக்குச் சிலம்பம் கற்றுக்கொடுத்த வாத்தியார் அவர்களைத்தான் காட்டுவார். கம்பு சுழல்வதைப் பார்க்காதே, கால் எங்கே நிற்கிறது என்று பார் என்பார். பத்து வயதில் கொள்ளிடக்கரை மணலில் மாதக்கணக்கில் காலடி வரிசை மட்டும்தான். கம்பே கைக்கு வரவில்லை!

கல்லூரிக்குப் போனதும் புரூஸ் லீ பைத்தியம் பிடித்து, கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். சிலம்பம் தெரிந்தவன் என்ற மிதப்பு வேறு. ஐம்பதைத் தாண்டி முழங்கால் மக்கர் செய்தபோது, தை சி பழகலாம் என்று போனேன். அங்கேயும் முதல் வரிசை, முதல் பாடம். பக்கத்தில் நின்ற பொடியன் என்னைவிட நன்றாகச் செய்தான். வெட்கமாக இருந்தது. நின்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் பிலிப் ஸாரிலியைப் பற்றிப் படித்தேன்.

அமெரிக்கர், நாடகக்காரர். 1947-ல் பிறந்தவர். 1976-ல் கேரளாவுக்கு வந்தபோது வயது 29. கதகளி படிக்க வந்தவர், திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் உள்ள சி.வி.என். களரியில் கோவிந்தன்குட்டி நாயர் குருக்களிடம் களரிப்பயிற்றும் பழக ஆரம்பித்தார். விளையாட்டு மைதானங்களில் வளர்ந்த கட்டுமஸ்தான உடம்பு. அதுதான் அவருக்கு எதிரி. ஒவ்வோர் அசைவையும் பலத்தால் செய்யப் பார்த்தார். உடம்பு மரக்கட்டையாக நின்றது. அந்த முரட்டுத்தனம் உதிர வருஷக்கணக்கானதாக அவரே எழுதியிருக்கிறார்.

களரியில் பாடம் போகிற வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதலில் வெறும் உடம்பு. பிறகு கம்பு. அதற்கப்புறம் வாள், கேடயம், உறுமி. கடைசியில்தான் வெறுங்கை! நாம் சினிமாவில் பார்ப்பதற்கு நேர் தலைகீழ். ஆயுதத்தை எல்லாம் கற்றவனுக்குத்தான் ஆயுதம் இல்லாத சண்டை. கண்ணால் மட்டுமல்ல, உடம்பு முழுவதாலும் பார்க்க வேண்டும் என்பது களரிக்காரர்கள் சொல்வது. 1998-ல் வெளியான தன் ஆய்வு நூலுக்கு ஸாரிலி அதையே தலைப்பாக வைத்தார்.

வடக்கன் முறையோடு அவர் நிற்கவில்லை. நம் கன்னியாகுமரிப் பக்கத்து அடிமுறை, வர்மம் பற்றியும் தேடித் தெரிந்துகொண்டார். யோகாவும் தை சியும் கூடவே வந்தன. 1988-ல் குருக்கள், ஆசான் என்ற தகுதிக்கு அடையாளமான பீடத்தைக் கொடுத்தார். முதல் பாடத்துக்கும் பீடத்துக்கும் நடுவில் பன்னிரண்டு வருஷம்! பிறகு வேல்ஸ் நாட்டின் கிராமப்புறத்தில், மண் தரையோடு ஒரு களரி அமைத்தார். அந்தக் குளிரில் நடிகர்கள் காலையில் அதில்தான் பயிற்சி செய்தார்கள். புற்றுநோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, அப்போதும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 2020 ஏப்ரலில் காலமானார்.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் தமிழ்நாட்டில் நடந்தபோது, களரிப்பயிற்று நம்ம திருச்சிக்கே வந்தது. வாளும் கேடயமுமாகத் துள்ளிய பிள்ளைகளுக்கு எல்லாம் பதினெட்டு வயதுக்குள்தான். எனக்கு ஏக்கம்தான். 29 வயதில் ஆரம்பித்தவரைப் பற்றி அப்போது தெரிந்திருந்தால், பார்த்த விதமே வேறாக இருந்திருக்கும்.

தை சி வகுப்பை நான் விடவில்லை. பொடியன் இரண்டாம் வரிசைக்குப் போய்விட்டான். போன வாரம் ஆசிரியர் என் இடது பாதத்தைக் காட்டி, எடை சரியாக இறங்குகிறதே, முன்பே ஏதாவது பழகியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

கொள்ளிடக்கரை மணல் என்றேன்.