வைப்புனா பாலத்தில் வந்தது மாரடைப்பு இல்லை

பக்குரங்காவில் வீடு, எல்லர்ஸ்லியில் வேலை. தினமும் தாமக்கி ஆற்றைத் தாண்டித்தான் போய் வர வேண்டும். போன வருஷம் ஆகஸ்டில் ஒரு மாலை, நல்ல மழை. வைப்புனா பாலத்தின் மேல் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. திடீரென்று என் நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. ஒரு காரணமும் இல்லை, சும்மா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். விரல் நுனிகள் மரத்துப்போயின. உதட்டில் எறும்பு ஊர்வது மாதிரி. மூச்சு உள்ளே போகிறதா என்றே தெரியவில்லை.

என் அப்பா 54 வயதில் மாரடைப்பில் போனவர். கோவில்பட்டியில் ஒரு ராத்திரி, "வாயுப் பிடிப்புதான், ஒரு சோடா வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு அன்று வயது 36. சரி, நம்ம முறை வந்துவிட்டது என்றே நினைத்தேன். பாலத்தை எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை. முதலில் கண்ணில் பட்ட தெருவில் ஓரங்கட்டி, 111-ஐ அழைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்தார்கள். இதயத் தசை சேதமானால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கூடும், அதற்கான சோதனை. இரண்டும் சுத்தம். ஓர் இளம் டாக்டர் வந்து உட்கார்ந்து, "உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது. உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக்" என்றார்.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கம். "என்னங்க சொன்னாங்க?" என்று மனைவி கேட்டபோது, "கேஸ் ட்ரபிளாம்" என்றேன். அப்பா சொன்ன அதே பொய். அவர் தெரியாமல் சொன்னார், நான் தெரிந்தே சொன்னேன்.

இது புது நோய் ஒன்றும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களிடம் பழுதே இல்லாத இதயம் படபடப்பதைப் பார்த்து, 1871-இல் டா கோஸ்டா என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதைத் தனி நோயாகச் சேர்த்தது 1980-இல். எனக்கு அதிகம் உதவியது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் சொன்ன விளக்கம். உடம்பில் சாதாரணமாக ஏதோ ஒரு மாற்றம், ஒரு துடிப்பு அதிகமாகிறது. 'ஐயோ, ஹார்ட் அட்டாக்' என்று மனசு அதைத் தப்பாகப் படிக்கிறது. அந்தப் பயத்தில் துடிப்பு இன்னும் ஏறுகிறது. ஏறியதைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறுகிறது. வேகமாக மூச்சு வாங்குவதில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்து, விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது. சில நிமிஷங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும்.

இந்த ஊரில் சமைக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மிளகாய் வற்றலை எண்ணெயில் போட்டதும் கூரையில் இருக்கும் புகை அலாரம் கத்தும். கத்துவது நிஜம். நெருப்பு இல்லை. அதற்காக யாரும் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போவதில்லை.

நான் போனேன். மறுவாரம் முதல் வைப்புனா பாலம் வேண்டாம், பான்மியூர் பாலம் வழி போகலாம் என்று ஆரம்பித்தேன். அது சின்னப் பாலம். பிறகு அதுவும் பயமாக இருந்தது. பஸ் ஏறி பான்மியூர் ஸ்டேஷன் போய் ரயில் பிடித்தேன். அப்புறம், கூட்டத்தில் வந்துவிட்டால்? "டீமில் எல்லாரும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார்கள்" என்று மனைவியிடம் இன்னொரு பொய். நவம்பரில் மகளின் நீச்சல் வகுப்புக்குக்கூட நான் கூட்டிப்போகவில்லை. அட்டாக் வந்தது மொத்தம் நாலு தடவை, ஒவ்வொன்றும் கால் மணி நேரம்கூட இல்லை. என் மூன்று மாசத்தைத் தின்றது அது வந்துவிடுமோ என்று நான் செய்த ஏற்பாடுகள்தான்.

உடைத்துப் பேச வைத்தவர் பக்கத்துத் தெரு யாழ்ப்பாணத்து அண்ணை. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஏன் கார் அசையாமல் நிற்கிறது என்று கேட்டார். சொன்னேன். "உது எனக்கும் வந்தது தம்பி. பதகளிப்பு எண்டு சொல்லுவம். வெளிக்கிட்டு டொக்டரிட்டப் போம்" என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! பதகளிப்பு. நம் ஊரில் படபடப்பு, பதற்றம், மயக்கம், வாயு என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கிறோம். அவர்களிடம் அதற்கு ஒரு சொல்லே இருக்கிறது.

குடும்ப டாக்டர் முதலில் தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தார். அவையும் இதே மாதிரி வேஷம் போடுமாம். காபியைக் குறைக்கச் சொன்னார். நாளுக்கு ஆறு குடித்துக்கொண்டிருந்தேன், நடுராத்திரி ஆன்-கால் வேலை வேறு. அதே கிளினிக்கில் ஓர் ஆலோசகரும் இருந்தார். அவரைப் பார்க்கத் தனிக் கட்டணம் இல்லை. 2019 'நல்வாழ்வு பட்ஜெட்'டுக்குப் பிறகு நாடெங்கும் பரவிய ஏற்பாடு இது.

அவர் கொடுத்த பயிற்சியைக் கேட்டால் சிரிப்பீர்கள். மாடிப்படியில் ஏறி இறங்கி வேண்டுமென்றே நெஞ்சைப் படபடக்க விடு. உறிஞ்சுகுழல் வழியாக ஒரு நிமிஷம் மூச்சு விடு. அந்த உணர்வு வரட்டும், ஓடாதே, அது இறங்குவதைப் பார். பிறகு பாலம். முதலில் மனைவியோடு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்புறம் தனியாக, கடைசியில் மாலை நெரிசலில். மூச்சை மெதுவாக, உள்ளே இழுப்பதைவிட நீளமாக வெளியே விடச் சொன்னார். சினிமாவில் காட்டும் காகிதப் பை வைத்தியம் வேண்டாம், நிஜ இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் ஆபத்து என்றார். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதில் குறைச்சலும் இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். தெற்காசியர்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிடச் சின்ன வயதிலேயே வருகிறது. முதல் தடவை நெஞ்சில் ஏதாவது செய்தால், இந்தக் கட்டுரையை நினைத்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். 111-ஐ அழையுங்கள். பேனிக் என்று டாக்டர் சொல்லட்டும். நீங்களாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். பேசணும் போல இருந்தால் 1737, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், மெசேஜும் அனுப்பலாம். ஊரில் இருக்கும் உறவுகளுக்கு 14416, தமிழில் பேசலாம்.

இங்கே பிறந்த பிள்ளைகள் 'பேனிக் அட்டாக்' என்று சுலபமாகச் சொல்கிறார்கள். "உனக்கென்ன குறை? நாங்க படாத கஷ்டமா?" என்கிறோம். நானே என் அக்கா மகனிடம் அப்படிச் சொன்னவன்தான். போன மாதம் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மாமா" என்றான். அதற்கு மேல் பேசவில்லை.

கோடையில் அம்மா வந்திருந்தார். ஒரு நாள் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏய்யா, உங்கப்பா போன பெறகு எனக்கும் இப்படித்தான் வந்துச்சு. ரெண்டு வருஷம். மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க. ஒங்கிட்ட என்னன்னு சொல்ல?" என்றார்.

அவர் ஊர் திரும்பிய அன்று விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டினேன், வைப்புனா வழியாக. நடுப்பாலத்தில் உள்ளங்கை வேர்த்தது. பெட்டியில் பால்பவுடர் அதிகமாகிவிட்டதோ, எடை கட்டணம் கேட்பானோ என்று அம்மா பக்கத்தில் விடாமல் பேசிக்கொண்டே வந்தார்.