பனிமலைப் பாதைகள் – 6: கேதார்காந்தா

உத்தராகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்தில், கோவிந்த் வனவிலங்குச் சரணாலயப் பகுதியில் இருக்கிறது கேதார்காந்தா. உயரம் சுமார் 3,800 மீட்டர். இமயமலையின் கணக்கில் சிறிய சிகரம்தான். ஆனால், பனி மூடிய மாதங்களிலும் கயிறோ பனிக்கோடரியோ இல்லாமல் உச்சிவரை நடந்தே ஏறலாம். முதன்முதலாகப் பனியில் ஏற ஆசைப்படும் நண்பர் குழுக்கள் டிசம்பர் தொடங்கி இங்கே குவிவது அதனால்தான்.

டேராடூனிலிருந்து முசூரி, புரோலா, மோரி வழியாக சாங்க்ரி கிராமத்துக்குச் சுமார் 200 கிலோமீட்டர். வண்டியில் ஒரு பகல் முழுக்க ஆகிவிடும். சாங்க்ரியிலிருந்து நடை. பைன், ஓக் மரக்காடுகளுக்கு நடுவே ஏறினால் ஜூடா கா தலாப் என்ற ஏரி வரும். குளிர்காலத்தில் அது உறைந்து கிடக்கும். அதற்கும் மேலே, மரங்கள் முடிகிற இடத்தை ஒட்டிக் கடைசி முகாம்.

உச்சிக்கான ஏற்றம் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே, தலைவிளக்கு வெளிச்சத்தில் தொடங்குகிறது. இரவுக் குளிரில் பனி இறுகியிருக்கும். காலணியில் மாட்டிய மைக்ரோஸ்பைக்கின் பற்கள் அதில் நன்றாகக் கவ்வும். வெயில் ஏறியபின் அதே பனி இளகி, முழங்கால்வரை உள்வாங்கும். முன்னே போகிறவர் காலணி முனையால் உதைத்து உதைத்துப் படி அமைக்க, பின்னால் வருகிறவர்கள் அதே குழிகளில் கால் வைக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைப்பது இங்கே வழக்கம். நீர் மேல்மட்டத்திலிருந்து உறைவதால், கவிழ்த்து வைத்தால் வாய்ப்பகுதி அடைத்துக்கொள்ளாது. பருத்தி உடை ஆகாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடல் சூட்டைப் பறித்துவிடும்.

குளிரைவிட அஞ்ச வேண்டியது உயரத்தை. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை மலைநோயின் தொடக்கம். நண்பர்களாகச் செல்வதில் உள்ள பெரிய ஆபத்தும் இங்கேதான். தன்னால் எல்லோருடைய பயணமும் கெட்டுவிடக் கூடாது என்று தலைவலியை மறைப்பவர் ஏறக்குறைய எல்லாக் குழுவிலும் இருப்பார். முகாமில் ஒவ்வொருவரையும் தனியே விசாரிப்பதும், மெதுவாக நடப்பவரின் வேகத்தையே குழுவின் வேகமாகக் கொள்வதும் உயிர்காக்கும் பழக்கங்கள்.

அறிகுறி தெரிந்தால் மேலே ஏறக் கூடாது. அது முற்றினால் உடனே இறங்க வேண்டும். சந்தேகமிருந்தால், குதிகாலையும் விரல்முனையையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லலாம். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுமே சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவை. அந்த நிலையில் ஒருவரைத் தனியாகக் கீழே அனுப்புவது மன்னிக்க முடியாத தவறு. துணையோடுதான் இறக்க வேண்டும்.

உச்சியில் கற்களை அடுக்கிய சிறு சிவ வழிபாட்டிடமும் திரிசூலமும் உள்ளன. வானம் தெளிந்திருந்தால் சுவர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் சிகரங்கள் தெரியும். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பியடிப்பதால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. இறங்கும்போது குதிகாலை முதலில் ஊன்ற வேண்டும். இளகிய பனி மைக்ரோஸ்பைக்கில் உருண்டையாகத் திரண்டு பிடிமானத்தைக் கெடுக்கும். அவ்வப்போது கைத்தடியால் தட்டி உதிர்த்துக்கொண்டே இறங்க வேண்டும்.