நாளைக்கும் வா என்கிற பட்டறை

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்குப் பெயர்போன ஊர் அல்ல இது. குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கிற, தென்திருப்பதி என்று சுற்றுவட்டாரம் கொண்டாடுகிற ஊர். புரட்டாசி சனிக்கிழமை என்றால் ராஜபாளையம் பக்கமிருந்தும் கூட்டம் வந்து சேரும். அந்தப் பக்கத்து வீடுகளிலும் இப்போது இரவு நேரத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, கற்பனை நாட்டுப் பட்டறையில் வாள் அடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். என் அக்கா மகன் அவர்களில் ஒருவன், பாலிடெக்னிக்கில் படிக்கிறான். "மாமா, டெய்லி கிராஃப்டிங் பண்றது லாபமா, வேஸ்ட்டா? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அந்தத் தினவேலை என்ற பொறியைத் திறந்து, எந்தப் பல்சக்கரம் எதைச் சுழற்றுகிறது என்று பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும்.

அவன் ஆடுவது 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்'. ஜெனிமேக்ஸ் ஆன்லைன் ஸ்டுடியோஸ் உருவாக்கி, 2014 ஏப்ரலில் வெளிவந்த விளையாட்டு. சண்டைதான் முதன்மை என்றாலும் ஏழு கைத்தொழில்களும் உண்டு: கொல்லுவேலை, துணியும் தோலும், தச்சு, மருந்துக் கலவை, மந்திரக்கல் வேலை, சமையல், இவற்றோடு 2018-இல் சேர்ந்த நகைவேலை. ஊர் நடுவே இரண்டு பலகைகள் இருக்கும். அவற்றில் தொழிலுக்கு ஒன்றாக ஆர்டர் சீட்டு தொங்கும். ஆட்டக்காரர்கள் அதை 'ரிட்' என்பார்கள். கொல்லுச் சீட்டை எடுத்தால், இன்ன உலோகத்தில் ஒரு தலைக்கவசம், ஒரு வாள் என்று எழுதியிருக்கும். பட்டறைக்குப் போய்ச் செய்து, ஒப்படைக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் கொஞ்சம் தங்கமும் ஒரு பெட்டியும் கிடைக்கும். ஒரு கதாபாத்திரத்துக்கு ஒரு தொழிலில் ஒரு நாளைக்கு ஒரு சீட்டுதான்.

பெட்டிக்குள் பெரும்பாலும் இரும்பு, நூல், மரம் என்று மூலப்பொருள் இருக்கும். சில நாள் ஒரு வரைபடம் வரும். அதைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குப் போனால் வளமான சுரங்கப் புள்ளியோ மூலிகைத் திட்டோ அகப்படும். எப்போதாவது, ஆயுதத்தைப் பொன்தரத்துக்கு உயர்த்துகிற அரிய பொருள் விழும். இன்னும் அரிதாக, வல்லவர்களுக்கான பெரிய ஆர்டர் ஒன்று வரும். எந்த நாளில் எது வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. இதை மனத்தில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதலில் வெறும் கணக்கு. உச்ச நிலையில் இருக்கும் கைவினைஞருக்கு ஒரு கொல்லுச் சீட்டு அறுநூறுக்கு மேல் தங்கம் தரும். ஏழு தொழிலையும் முடித்தால் மொத்தம் நாலாயிரத்தைத் தாண்டும். பழகிய கைக்குப் பத்து நிமிட வேலை. குதிரைச் சவாரிப் பாடம் ஒன்றுக்கு 250 தங்கம், பையைப் பெரிதாக்க ஆயிரக்கணக்கில் செலவு என்று புதிதாக வருகிறவர் திணறுகிற அந்த உலகத்தில், சண்டை தெரியாதவருக்கும் உயிராபத்து இல்லாமல் கிடைக்கிற நிலையான வருமானம் இதுதான். ஆகவே முதல் பாத்திரத்துக்கு, முதல் சில மாதங்களுக்கு, கட்டாயம் லாபம். இதை வேஸ்ட் என்று தள்ளுவது ஆட்டம் தெரியாதவர் பேச்சு.

சிக்கல் அதற்கு அப்புறம் ஆரம்பிக்கிறது. ஒரே கணக்கில் பல பாத்திரங்களை உருவாக்கலாம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஏழு சீட்டு. பத்துப் பாத்திரம் வைத்திருப்பவர் தினம் எழுபது சீட்டு பார்க்க வேண்டும். ஆட வந்தவர் இதற்கு என்ன செய்தார் தெரியுமா? ஆட்டக்காரர்களே ஒரு துணை நிரல் எழுதிவிட்டார்கள். 'லேசி ரிட் கிராஃப்டர்' என்று பெயர். பட்டறை முன் நின்றால் போதும், சீட்டில் கேட்ட பொருளையெல்லாம் அதுவே செய்து முடிக்கும். கணினியில் ஆடுகிறவர்களிடம் மிகப் பரவலான நிரல்களில் அது ஒன்று. கைவினை என்று பெயர் வைத்த ஒன்றிலிருந்து கையை எடுத்துவிட ஆட்டக்காரர்கள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய சாட்சியமாகப் படுகிறது. சண்டையை யாரும் தங்களுக்குப் பதிலாக நிரல் போடட்டும் என்று விட்டுவிட விரும்புவதில்லை, அதை ஆடத்தான் வந்தார்கள்.

இன்னொரு பல்சக்கரம் பையில் இருக்கிறது. தினம் பெட்டி திறந்தால் தினம் மூலப்பொருள் சேரும், பை நிரம்பும், எதை எறிவது என்று தவிப்பு வரும். மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும் மூலப்பொருளுக்கென்று அடியில்லாத தனிப்பை உண்டு. அதாவது பரிசு ஒரு பக்கம் குவிகிறது, குவிந்ததை வைக்க இடம் இன்னொரு பக்கம் விலைக்கு இருக்கிறது. இலவசமாகக் கிடைத்த இரும்பைப் பத்திரப்படுத்தப் பணம் கட்டுகிற நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், லாப நட்டக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

காத்திருக்க வைக்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? 2004 நவம்பரில் வெளிவந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்'டிலேயே இதன் முன்னோடி இருந்தது. தையல்காரர் 'மூன்கிளாத்' என்ற துணியை ஒருமுறை நெய்துவிட்டால் அடுத்ததற்கு நான்கு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ரசவாதி ஓர் உலோகத்தை இன்னொன்றாக மாற்றினாலும் ஒரு காத்திருப்பு இருந்தது. அன்று அதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. எல்லாரும் எவ்வளவு வேண்டுமானாலும் நெய்துகொள்ளலாம் என்று விட்டால் சந்தையில் அந்தத் துணி மலிந்துபோகும், நெசவாளிக்கு மதிப்பே இருக்காது. காத்திருப்புதான் பொருளுக்கு அருமை சேர்த்தது. 2007 மே மாதப் புதுப்பிப்பில் அதே விளையாட்டு தினசரிப் பணிகளைக் கொண்டுவந்தது. ஒரு நாளைக்குப் பத்து என்று இருந்த உச்சவரம்பு அடுத்த ஆண்டே 25 ஆனது, பிறகு வரம்பே எடுக்கப்பட்டது. பொருளின் அருமையைக் காக்க வந்த கடிகாரம், ஆட்டக்காரரின் வருகையை எண்ணும் கடிகாரமாக மாறியது இந்தக் காலத்தில்தான்.

அதே விளையாட்டின் சோதனைக் காலத்துக் கதை ஒன்று ஆட்ட வடிவமைப்பாளர்களிடையே புகழ்பெற்றது. நெடுநேரம் ஆடுகிறவர்களுக்கு அனுபவப் புள்ளியைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓய்வெடுக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆட்டக்காரர்கள் கொதித்துப் போனார்கள். பிறகு அதையே திருப்பிப் போட்டுச் சொன்னார்கள்: ஓய்வெடுத்து வந்தவருக்குக் கூடுதல் புள்ளி, அது தீர்ந்ததும் வழக்கமான புள்ளி. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. தண்டனை என்று கேட்டபோது கசந்த அதே ஏற்பாடு, பரிசு என்று கேட்டபோது இனித்தது. தினப் பரிசு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கதையை நினைத்துக்கொள்வது நல்லது. 'இன்று வந்தால் பரிசு' என்பதற்குள் 'இன்று வராவிட்டால் இழப்பு' என்பது எப்போதும் இருக்கிறது. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை சொல்வது போல, நூறு ரூபாய் கிடைத்த மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் தொலைந்த வலி மனிதருக்குப் பெரிது.

அலைபேசியில் ஆடுகிறவர்களுக்கு இந்தக் கடிகாரம் இன்னும் நுட்பமானது. 2020 செப்டம்பரில் வந்த 'கென்ஷின் இம்பாக்ட்'டைப் பாருங்கள். ஆயுதத்தையும் பாத்திரத்தையும் மேம்படுத்தத் தேவையான பொருள்களைப் பெற 'ரெசின்' வேண்டும். எட்டு நிமிடத்துக்கு ஒன்று என்று அது தானாக ஊறும். கொள்ளளவு நெடுங்காலம் 160 ஆக இருந்தது. பெருக்கிப் பார்த்தால் 21 மணி 20 நிமிடத்தில் தொட்டி நிரம்பிவிடும், அதற்குமேல் ஊறாது. ஒரு முழு நாள்கூட ஆகாது! நேற்று இரவு ஒன்பதுக்குக் காலி செய்தவர் இன்று மாலை ஆறரைக்குள் வந்து பார்க்காவிட்டால் வழிந்த கணக்கு. ஆட்டக்காரர்கள் வருடக்கணக்கில் குறைப்பட்ட பிறகு 2024 ஜூனில் கொள்ளளவை 200 ஆக்கினார்கள். இப்போது நிரம்ப 26 மணி 40 நிமிடம். ஒரே ஓர் எண்ணை மாற்றியதில் எத்தனையோ பேருடைய மாலைநேரம் கொஞ்சம் தளர்ந்தது.

நாள் மாறுகிற நேரமும் நம் வசதிக்கு இல்லை. 'ஃபைனல் ஃபேன்டசி 14'-இல் வழக்கமான தினப்பணிகள் இந்திய நேரம் இரவு எட்டரைக்குப் புதுப்பிக்கப்படுகின்றன. அதே ஆட்டத்தில் கைவினைஞர்கள் படைக்குப் பொருள் செய்து கொடுக்கும் தினப்பணி புதுப்பிக்கப்படுவது நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கு. கென்ஷினின் ஆசிய சர்வரிலும் அதே ஒன்றரை மணிதான். 'ரீசெட் ஆகட்டும், முடிச்சிட்டுப் படுக்கிறேன்' என்று ஒரு பிள்ளை விழித்திருந்தால், அது அவன் பிடிவாதம் மட்டுமல்ல, எங்கோ இருக்கும் சர்வரின் காலை நேரமும் சேர்ந்த விளைவு. பெற்றோர் திட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டால் பேச்சு வேறு மாதிரி அமையும்.

பெட்டிக்குள் என்ன வரும் என்று தெரியாது என்றேனே, அதற்கு வருகிறேன். சார்லஸ் ஃபெர்ஸ்டரும் பி. எஃப். ஸ்கின்னரும் 1957-இல் புறாக்களை வைத்துச் செய்த நீண்ட சோதனைகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று ஊகிக்க முடியாதபடி வைத்தால், புறா இடைவிடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. தானியத்தை நிறுத்திய பின்னும் நெடுநேரம் கொத்தியது. தினச்சீட்டின் தங்கம் மாதச் சம்பளம் மாதிரி உறுதியானது, அதற்காக யாரும் ஏங்குவதில்லை. ஏக்கத்தை உண்டாக்குவது பெட்டி.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படும் சோதனை 1973-இல் நடந்தது. மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், சொல்லிவைத்துப் பரிசு வாங்கிய குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவுதான் பேனாவைத் தொட்டார்கள். பரிசுக்காகச் செய்த பின், பரிசு இல்லாதபோது அது ஆசையாகத் தோன்றவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பால்கோவா கிளறுகிறவர் தினம் அதே அடுப்பில், அதே கடாயில், அதே வேலையைத்தான் செய்கிறார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. ஆனால் நேற்று கிளறியது இன்றைய கைக்குள் இருக்கிறது. பால் எப்போது திரளும், எந்த நொடியில் இறக்க வேண்டும் என்பது வருடங்களில் தோளுக்கும் கண்ணுக்கும் ஏறிய அறிவு. விளையாட்டின் சமையல் தொழிலில் உச்ச நிலையை அடைந்தவரின் கை, முதல் நாள் அழுத்திய அதே பொத்தானைத்தான் அழுத்துகிறது. வளர்ந்தது சர்வரில் பதிவான ஓர் எண். அதனால் கூலிதான் தினச்சீட்டின் முழுப் பயன். செய்கிற வேலைக்குள் மிச்சம் எதுவும் இல்லை. கூலி தேவைப்படாத நாளில் அதைச் செய்யக் காரணமும் இல்லை.

கூலியின் மதிப்பும் நிலையாக நிற்பதில்லை. சீட்டுக்குக் கொடுக்கும் தங்கம் யாருடைய பையிலிருந்தும் வருவதல்ல, வெறுமையிலிருந்து சர்வர் உண்டாக்குகிறது. ஆயிரமாயிரம் பேர் தினம் அப்படி வாங்கினால் ஆட்டத்துக்குள் பணம் பெருகும், ஆட்டக்காரர்களே நடத்தும் கடைகளில் விலை ஏறும். இந்தப் பெருக்கத்தைக் கவனிக்க ஆளே வைத்தவர்களும் உண்டு: 'ஈவ் ஆன்லைன்' என்ற விளையாட்டை நடத்தும் ஐஸ்லாந்து நிறுவனம் 2007-இல் ஒரு பொருளாதார நிபுணரைப் பணியில் அமர்த்தியது. எல்டர் ஸ்க்ரோல்ஸில் சவாரிப் பாடம், பழுதுபார்ப்புக் கட்டணம், வீடு என்று செலவு வாய்களை வைத்துப் பணத்தை உறிஞ்சுவது இதற்காகத்தான்.

அரசுகளும் இந்தப் பொறியைக் கவனித்திருக்கின்றன. 2023 டிசம்பர் 22 அன்று சீனாவின் ஒழுங்குமுறை அமைப்பு ஒரு வரைவு விதியை வெளியிட்டது. தினம் உள்நுழைந்தால் பரிசு என்ற வழக்கத்தையே தடை செய்யலாம் என்றது அது. அன்று ஒரே நாளில் நெட்ஈஸ் நிறுவனத்தின் பங்கு ஏறத்தாழ கால் பங்கு சரிந்தது, டென்சென்ட்டும் விழுந்தது. அடுத்த மாதமே அந்த வரைவு இணையதளத்திலிருந்து காணாமல் போயிற்று. ஒரு சிறிய தினப் பரிசின்மேல் எவ்வளவு பெரிய வியாபாரம் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு இணைய விளையாட்டுச் சட்டமும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட முடியாது என்ற 2025-ஆம் ஆண்டு விதியும் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைக் குறிவைத்து வந்தவை. வாள் அடிக்கும் பட்டறைக்கு அந்த நேரக்கட்டு இல்லை. அதை வீட்டில்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அக்கா மகனிடம் நான் சொன்னது இதுதான். ஒரு பாத்திரத்துக்கு மட்டும் சீட்டு எடு. அந்த வாரம் உனக்கு வேண்டிய பொருள் என்ன என்று முதலில் முடிவு செய்து, அதைத் தருகிற தொழிலை மட்டும் பார். இரண்டாவது பாத்திரத்துக்குப் போகத் தோன்றினால், அந்த நேரத்தில் நண்பர்களோடு ஒரு குகைக்குள் போ. அங்கே கிடைப்பது குறைவாக இருக்கலாம், ஆனால் ஆட்டம் அங்கேதான் இருக்கிறது. ஒரு நாள் விட்டுப் போனால் விட்டதுதான், மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட நினைக்காதே.

முடிவுள்ள தினவேலையையும் முடிவில்லாததையும் பிரித்துப் பார்க்கவும் சொன்னேன். அதே எல்டர் ஸ்க்ரோல்ஸில் குதிரைச் சவாரிப் பாடம் இருபது மணி நேரத்துக்கு ஒன்று. வேகம், தாங்குதிறன், சுமை என்று மூன்று பிரிவிலும் அறுபது அறுபதாக மொத்தம் 180 பாடம். பட்டறையில் ஆயுதங்களின் தனிக்குணங்களை ஆராய்வதும் அப்படித்தான்: முதலாவதற்கு ஆறு மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் இரட்டித்துக்கொண்டே போய், ஒன்பதாவதற்கு 64 நாள். நீளமானவைதான், ஆனால் முடிகிறவை. தொடங்கி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம், நடுவில் வரச்சொல்லி எதுவும் கூப்பிடாது. அவனுக்குச் சவாரிப் பாடம் பாதி முடிந்திருக்கிறதாம். அதை விடாமல் முடி என்றேன்.