புயல் கூண்டும் கப்பல்களும்

துறைமுகத்தில் உயரமான கம்பத்தில் ஏற்றப்படும் கூம்பு, உருளை வடிவச் சட்டங்களே புயல் எச்சரிக்கைக் கூண்டு. இரவில் அவற்றுக்குப் பதிலாகச் சிவப்பு, வெள்ளை விளக்குகள் எரியும். 1864-இல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியது. மறு ஆண்டே அந்நகரின் துறைமுகத்தில் எச்சரிக்கை முறை வந்துவிட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்ததோ 1875-இல்தான்.

1, 2 ஆகிய கூண்டு எண்கள் தொலைதூரக் கடலில் உள்ள ஆபத்தைச் சொல்பவை. 3, 4 துறைமுகத்துக்கே உரியவை. எண் கூடக்கூடக் காற்றும் கூடும் என்று பலர் நினைப்பது பாதிதான் சரி. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம், மாறுவது பக்கம். புயல் துறைமுகத்தைத் தன் இடப்புறம் விட்டுச் சென்றால் 5, வலப்புறம் விட்டால் 6, துறைமுகத்தின் மீதோ அருகிலோ கடந்தால் 7. பெரும் அபாயத்துக்கு 8, 9, 10 இதே வரிசையில் வரும். வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டால் 11.

பக்கம் ஏன் முக்கியம்? வங்கக் கடல் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. மேற்கு நோக்கி வரும் புயலின் வலப்புறத்தில், அதாவது வடக்கே, காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும்.

அபாயம் நெருங்கும்போது கப்பல்கள் உள்ளே வருவது நிறுத்தப்படும். தளத்தில் கட்டியிருக்கும் கப்பல்களையும் ஆழ்கடலுக்குப் போகச் சொல்வார்கள். துறைமுகம்தானே பாதுகாப்பு என்று தோன்றலாம். ஆனால் அலை உள்ளே புகுந்தால் கப்பல் தளத்தில் மோதும், வடங்கள் அறும். ஆழ்கடலில் இயந்திரத்தை ஓட்டிக் காற்றை எதிர்கொண்டு நிற்க இடம் உண்டு. கரையோரம் நங்கூரமிட்டு நிற்பதே மிகவும் ஆபத்தானது. கப்பலைப் பிடித்து நிறுத்துவதில் நங்கூரத்துக்கு இணையான பங்கு கடலடியில் கிடக்கும் கனத்த சங்கிலிக்கு உண்டு. காற்று அச்சங்கிலியைத் தூக்கிவிட்டால் நங்கூரம் மண்ணை உழுதுகொண்டு நகரும்.

2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. சென்னை அதற்கு வடக்கே, புயலின் வலப்புறம். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'பிரதிபா காவேரி' எண்ணெய்க் கப்பல் பெசன்ட் நகர்க் கரையில் தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகள் சிலர் படகு கவிழ்ந்து இறந்தனர்.

கூண்டு இறங்கியதுமே கப்பல்கள் உள்ளே வந்துவிட முடியாது. மிதவைகள் இடம் மாறியிருக்கலாம், வழித்தடத்தில் மணல் சேர்ந்திருக்கலாம். இவற்றைச் சரிபார்த்த பிறகே கப்பல்கள் அனுமதிக்கப்படும்.