சேர்ந்தால்தான் கூலி

“சார், ஜாப் சேஞ்ச் பார்க்கிறீங்களா?” என்று முற்பகலில் வரும் அழைப்பை எரிச்சலோடு துண்டிக்காத ஆள் ஐ.டி. துறையில் அரிது. அழைப்பவருக்குப் பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். பி.காம்., பி.எஸ்சி., அல்லது மனிதவளத்தில் எம்.பி.ஏ. முடித்தவர். ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு என்பதையே ஆள் தேடித் தரும் கன்சல்டன்சியில் சேர்ந்த பிறகு கற்றுக்கொண்டவர். அவர்மேல் சொல்லப்படும் புகார்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. வேலையைப் பற்றி முழுதாகச் சொல்வதில்லை, அவசரப்படுத்துகிறார், தேவை இருக்கும்வரை ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிடுகிறார், இன்டர்வியூ முடிந்ததும் காணாமல் போய்விடுகிறார். இந்தப் புகார்களில் பொய் எதுவும் இல்லை. ஆனால் காரணத்தை அவருடைய வளர்ப்பிலோ பயிற்சியிலோ தேடுவது வீண். அது அவருடைய நிறுவனம் போட்டிருக்கும் கட்டண ஒப்பந்தத்தில் இருக்கிறது.

அந்த ஒப்பந்தத்தில் அதிகம் புழங்கும் எண் 8.33 சதவீதம். நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது அதுதான். வேலைக்குச் சேர்பவரின் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு மாதப் பங்கு. ஆறு லட்ச ரூபாய் சம்பளத்துக்கு ஒருவரைச் சேர்த்துவிட்டால் கன்சல்டன்சிக்கு ஏறக்குறைய 50,000 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எப்போது வரும் என்று கேட்டால்தான் தொழிலின் முகம் தெரியும். ஜனவரியில் ஒரு ப்ரொஃபைலை அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று சுற்று இன்டர்வியூ முடிந்து ஆஃபர் கைக்கு வர பிப்ரவரி கடைசி ஆகிவிடும். பல ஐ.டி. நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். ஆக, ஜூனில்தான் சேருவார். அவர் சேர்ந்து சில வாரங்கள் கழித்து பில் போட்டு, அதற்கு 45 நாளோ 60 நாளோ கெடு என்றால், ஆகஸ்ட், செப்டம்பரில் பணம் வரும். அதற்குள் அவர் விலகிவிட்டால் இலவசமாக மாற்று ஆள் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். இந்த ‘ரீப்ளேஸ்மென்ட்’ காலமும் பெரும்பாலும் 90 நாள். ரெக்ரூட்டரின் இன்சென்டிவ் இதற்கெல்லாம் பிறகுதான் கணக்கில் ஏறும். முதல் போன் போட்டதிலிருந்து எட்டு மாதம். இத்தனைக்கும் இது எல்லாம் ஒழுங்காக நடந்தால் வரும் கணக்கு.

ஒழுங்காக நடக்காத கணக்குதான் அன்றாடம். வேலைவாய்ப்புத் தளங்களில் தேடியது, அறுபது பேரை அழைத்தது, பத்துப் பேரின் சம்பளச் சீட்டை வாங்கி டிராக்கரில் ஏற்றியது, ஐந்து பேரை லைன்-அப் செய்தது, அதில் மூன்று பேர் இன்டர்வியூவுக்கு வந்தது என எதற்கும் காசு கிடையாது. தேர்வானவர் சேரும் நாளன்று போனை அணைத்துவிட்டால் அதுவரையிலான உழைப்பு பூஜ்யம். ‘இந்த ரெக்வயர்மென்ட் ஹோல்டில் இருக்கிறது’ என்று ஆள் கேட்ட கிளையன்ட் ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட்டாலும் பூஜ்யம்தான். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கும் உரிமை ஒப்பந்தத்தில் இல்லை. ஆள் எடுப்பதில் உள்ள நிச்சயமின்மை முழுவதையும் பெரிய நிறுவனம் தன் தலையிலிருந்து இறக்கி கன்சல்டன்சியின் தலையில் வைக்கிறது. கன்சல்டன்சி அதை மாதாந்தர டார்கெட் என்ற பெயரில் அந்த இருபத்து மூன்று வயதுக்காரரிடம் தள்ளுகிறது. அவருக்குக் கீழே மிச்சம் இருப்பவர் வேலை தேடுகிறவர் ஒருவர்தான்.

அவசரத்துக்கும் இதே வழியில்தான் காரணம் தேட வேண்டும். ஒரே பணியிடத்தை ஐந்தாறு கன்சல்டன்சிகளுக்குக் கொடுப்பது வழக்கம். யார் முதலில் ஒருவரின் ப்ரொஃபைலை கிளையன்டின் தளத்தில் ஏற்றுகிறார்களோ, அவர்களுக்கே அந்த ஆள் சொந்தம். பின்னால் வருவதெல்லாம் ‘டூப்ளிகேட்’. இந்தச் சொந்தம் சில மாதங்களுக்குச் செல்லும். எனவே வேலையின் தன்மை, இடம், சம்பள வரம்பு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கிவிட்டுச் சம்மதம் கேட்கும் ரெக்ரூட்டர், விளக்காமல் ஏற்றிவிட்ட பக்கத்துத் தெரு ரெக்ரூட்டரிடம் தோற்றுப்போவார். நேர்மையாக நடந்தால் இழப்பு என்று விதியே எழுதி வைத்திருக்கும்போது, தனியாட்களின் நேர்மையைப் பற்றிப் பேசுவதில் பொருள் குறைவு. ஒரே வேலைக்கு ஒரே நாளில் நான்கு எண்களிலிருந்து அழைப்பு வருவதும் இதனால்தான். பாதிக்கப்படுபவர் இதை அறிவதே இல்லை: தனக்குத் தெரியாமல் யாரோ ஏற்றிவைத்த ப்ரொஃபைலால், அதே நிறுவனத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்கும்போது கதவு மூடியிருக்கும்.

பேச்சும் இப்படித்தான் கெடுகிறது; எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பெரிய கவலையும் அதுதான். ‘ஃபீட்பேக் பெண்டிங்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நிராகரிக்கப்பட்டவருக்கும் அதே சொல், மாற்று ஆளாக ஓரத்தில் நிறுத்திவைக்கப்பட்டவருக்கும் அதே சொல், கிளையன்ட் மறந்தே போன ஒருவருக்கும் அதே சொல். ‘உங்களைத் தேர்வு செய்யவில்லை’ என்று சொல்லிவிட்டால், அடுத்த வாரம் முதல் ஆள் பின்வாங்கும்போது இவரைக் கூப்பிட முடியாது. அதனால் மௌனம் ஒரு சரக்கிருப்பு உத்தி ஆகிவிடுகிறது. ‘அர்ஜென்ட் ரெக்வயர்மென்ட்’, ‘உங்க ப்ரொஃபைல் ரொம்ப நல்லா மேட்ச் ஆகுது’, ‘ஹைக் பேசிக்கலாம் சார்’ என்று மற்றவையும் அப்படியே. இவற்றில் எதையும் பொய் என்று நிரூபிக்க முடியாது. எதையும் நம்பி ஒரு குடும்பம் முடிவெடுக்கவும் முடியாது. கல்லூரியிலிருந்து நேராக வந்த ஒருவர் ஒரு நாளைக்கு எண்பது முறை, வாரத்துக்கு ஐந்தாறு நாள் இப்படிப் பேசிப் பழகுகிறார். தட்டச்சு பழகினால் விரல் பழகுவதுபோல இங்கே நாக்கு பழகுகிறது. முதல் வேலையில் படியும் பழக்கம் எளிதில் போவதில்லை. பின்னாளில் பெரிய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு இவர்களே போகிறார்கள்; அங்கேயும் கேட்ட கேள்விக்குப் பதில் வராததற்கு இந்தப் பள்ளிப் பாடமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

வேலை தேடுகிறவர்கள் மட்டும் யோக்கியமா என்று கன்சல்டன்சிக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இல்லாத அனுபவத்தைச் சான்றிதழாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வீடியோ இன்டர்வியூவில் வேறொருவரை விட்டுப் பதில் சொல்ல வைப்பவர்கள் உண்டு. ஒரு ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு, நோட்டீஸ் காலம் முழுவதும் அதைவிடப் பெரிய ஆஃபருக்கு அலைவது கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்டது. ஆனால் கடைசியாகச் சொன்னதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 90 நாள் காத்திருப்பை விதித்தது ஊழியர் இல்லை. மூன்று மாதம் ஒரு மனிதரைச் சந்தையில் நிறுத்தி வைத்துவிட்டு, அவர் விலை கேட்கக் கூடாது என்றால் எப்படி? வேலை கொடுக்கும் நிறுவனம் கடைசி நேரத்தில் சேரும் தேதியைத் தள்ளிவைக்கிறது, ஆஃபரையே திரும்பப் பெறுகிறது. அதையெல்லாம் ‘பிசினஸ் முடிவு’ என்று மரியாதையாகச் சொல்கிறோம். மௌனத்துக்கு மௌனமும் சாக்குக்குச் சாக்குமாக இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

விற்பனைத் தொழில் என்றால் அப்படித்தான், கமிஷன் இருப்பதால்தான் கெட்டிக்காரர்கள் நாலு காசு பார்க்கிறார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. பொறியியல் படிக்காத ஒருவர் பொறியாளருக்கு நிகராகச் சம்பாதிக்க இது ஒரு வாசல். ஆனால் புடவை விற்பவருக்கு, பில் போட்ட புடவை மனம் மாறி அடுத்த கடைக்கு ஓடிவிடும் என்ற பயம் கிடையாது. இங்கே சரக்கு மனிதர். அவருக்கு அப்பா அம்மா, வீட்டுக் கடன், பெங்களூருக்குப் போக விரும்பாத மனைவி எல்லாம் உண்டு. இதையெல்லாம் கேட்டுப் புரிந்துகொள்ள நேரம் வேண்டும். நேரத்துக்குத்தான் இந்த ஏற்பாட்டில் காசு இல்லையே. உயர்பதவிகளுக்கு ஆள் தேடும் நிறுவனங்கள் கட்டணத்தில் ஒரு பகுதியை முன்பணமாகவே வாங்குகின்றன. அங்கே தேடுபவர் நிதானமாகப் பேசுகிறார், இல்லை என்றால் இல்லை என்று சொல்கிறார். ஒரே தொழில், ஒரே படிப்பு, கூலி கொடுக்கும் முறை மட்டும் வேறு. என் வாதத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இனி எல்லாவற்றையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சலித்தெடுப்பதை இயந்திரம் செய்யும், சேரும் நாளன்று ஆள் வருவாரா என்று தவிக்கும் வேலை அப்போதும் யாரோ ஒருவர் தலையில்தான்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 1959-இல் வந்த வேலைவாய்ப்பு அலுவலகச் சட்டம், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அரசு அலுவலகத்துக்கு அறிவிக்கச் சொன்னது. அதன் வழியாகத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை அங்கே பதிவைப் புதுப்பித்துக்கொண்டே தலை நரைத்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்த வெற்றிடத்தில்தான் கன்சல்டன்சிகள் முளைத்தன. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவருக்கு 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு வேண்டும், வங்கி உத்தரவாதம் வேண்டும். அவர் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கும் 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. என்று உச்சவரம்பு உண்டு. உள்நாட்டில் ஐ.டி. வேலைக்கு ஆள் தேடித் தருபவருக்கு அப்படியொரு தனி உரிமம் தேவையில்லை. ஒரு லேப்டாப், இரண்டு போன், வேலைவாய்ப்புத் தளத்தின் லாகின் ஒன்று இருந்தால் போதும், கடை திறந்தாயிற்று. வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று சொல்லும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காக என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்கிறது. கேட்காமலே ப்ரொஃபைல் ஏற்றும் பந்தயம் அதன்முன் எப்படி நிற்கும் என்பதை இனிதான் பார்க்க வேண்டும். பான் எண்ணும் சம்பளச் சீட்டும் எக்செல் கோப்புகளில் கன்சல்டன்சியிலிருந்து சப்-வெண்டருக்கும் அவரிடமிருந்து இன்னொருவருக்கும் நடந்துகொண்டிருக்கின்றன.

அமெரிக்க நிறுவனங்களுக்காகச் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் உட்கார்ந்து இரவில் ஆள் தேடுபவர்கள் இதே கதையின் இன்னொரு அத்தியாயம். கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. நியூயார்க்கில் அப்போது காலை ஒன்பது. கூப்பிட்டவுடன் வாய்க்கு எளிதான வெள்ளைக்காரப் பெயர் ஒன்றைச் சொல்லி ஆரம்பிக்கிறவர்களும் உண்டு. முதல் வாக்கியமே பொய் என்பது மட்டும்தான் அங்கே கூடுதல்.

மாற்றம் கட்டணத்தில்தான் தொடங்க வேண்டும். முறையாகத் தேடி, சம்மதம் வாங்கி, இன்டர்வியூவுக்குக் கொண்டுவந்து நிறுத்திய ஒவ்வொருவருக்கும் சிறு தொகையாவது கொடுக்கட்டும். மிச்சம் சேர்ந்த பிறகு வரட்டும். காலியிடத்தை நிறுத்திவைத்தால் அதுவரை நடந்த வேலைக்குக் கூலி தரட்டும். நிராகரிப்பை இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் எந்தப் பெரிய நிறுவனமும் திவாலாகிவிடாது. செலவு கூடும் என்பார்கள். இப்போதும் செலவு இருக்கத்தான் செய்கிறது, அதைக் கட்டுகிறவர்கள் வேறு.

அதுவரை வாசகருக்கு இரண்டே வேண்டுகோள். வேலைக்கு முன்பணம் கேட்கும் எந்தக் கன்சல்டன்சிக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மற்றவர்களிடம், வேறு இடத்தில் சேரப்போகிறீர்கள் என்றால், போனை அணைத்துவிடாமல் சொல்லிவிடுங்கள். டிராக்கரில் உங்கள் வரியை மூடிவிட்டு அவர் அடுத்த எண்ணை அழைத்துக்கொள்வார்.