தசையா, கொழுப்பா? முடிவெடுப்பது யார் தெரியுமா?

காயடித்த சேவல் கொண்டை சுருங்கி, கூவலை மறந்து, சண்டையை விட்டு, கொழுத்துப்போகும். கோழி வளர்ப்பவர்கள் காலங்காலமாக அறிந்த இந்த உண்மைக்குள் எவ்வளவு பெரிய அறிவியல் ஒளிந்திருக்கிறது தெரியுமா?

1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்த்தோல்ட் என்ற விஞ்ஞானி, காயடித்த சேவலின் வயிற்றுக்குள் விதையைப் பதித்துப் பார்த்தார். பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் கொண்டை சிவந்தது, கூவல் திரும்பியது! ரத்தத்தில் ஏதோ ஒன்று ஓடிப்போய்க் கட்டளையிடுகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அந்தப் பொருளைக் காளையின் விதைகளிலிருந்து பிரித்தெடுத்து, டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் சூட்ட 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டெஸ்டோஸ்டிரோன் தசையை வளர்க்கும், கொழுப்பைக் குறைக்கும் என்பது பலருக்கும் தெரியும். எப்படி என்பதுதான் வியப்பு! நம் உடலில் சில ஸ்டெம் செல்கள் தசையாகவும் மாறலாம், கொழுப்பாகவும் மாறலாம், எலும்பாகவும் மாறலாம். 2003இல் லாஸ் ஏஞ்சலஸில் ராஜன் சிங், ஷாலேந்தர் பசின் குழுவினர் எலிக் கருவிலிருந்து வந்த அப்படிப்பட்ட செல்களை எடுத்து டெஸ்டோஸ்டிரோனில் வளர்த்தார்கள். தசை இழைகள் பெருகின, கொழுப்பு செல்கள் குறைந்தன. ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பியை மருந்தால் அடைத்ததும் அந்த விளைவு காணாமல் போனது! அதாவது, இந்த ஹார்மோனின் வேலை சேர்ந்த கொழுப்பைக் கரைப்பதோடு முடிவதில்லை. கொழுப்பு செல் பிறப்பதற்கு முன்பே, அந்தப் பாதையின் வாசலில் நின்று தடுக்கிறது. இதைவிட நுட்பமான ஏற்பாடு உண்டா?

கொழுப்பு செல்கள் நிலையானவை என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14, மனிதர்களின் டிஎன்ஏவிலும் பதிந்திருந்தது. அதை அளந்து செல்லின் வயதைக் கணக்கிட்டார்கள் ஸ்வீடன் விஞ்ஞானிகள். 2008இல் வெளியான ஆய்வு அது.

இன்னொரு திருப்பம்! 2013இல் அமெரிக்காவில் 400 ஆரோக்கியமான ஆண்களின் ஹார்மோன் சுரப்பை மருந்தால் நிறுத்தி, வெவ்வேறு அளவுகளில் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு அது ஈஸ்ட்ரோஜனாக மாறுவதையும் தடுத்தார்கள். தசை குறைந்ததற்குக் காரணம் டெஸ்டோஸ்டிரோன் பற்றாக்குறை. கொழுப்பு ஏறியதற்கோ, பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் பற்றாக்குறை! பெண் ஹார்மோன் என்று நாம் ஒதுக்கி வைத்தது ஆணைத் தொப்பையிலிருந்தும் காக்கிறது.

ஆனால் கொழுப்பும் சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. உடல் பருமன் கூடினால் ஆணின் டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. குறைந்தால் கொழுப்பு மேலும் சேர்கிறது. எடையைக் குறைத்தால் ஹார்மோன் ஊசி இல்லாமலே அளவு ஏறுகிறது என்பது எவ்வளவு நல்ல செய்தி! பெண்களின் கதை வேறு. பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஆண் ஹார்மோன் மிகும்போது வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரும் போக்கு கூடுகிறது.

ஜிம்முக்குப் போகும் தம்பிகளே, கடைசியாக இதையும் கேளுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால், 'போதும்' என்று மூளை விதைகளுக்கான கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி சரியும். வாராந்தர டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்து, 1990இல் முடிவை வெளியிட்டது. மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்து எழுதித் தராமல் அந்த ஊசியைத் தொடாதீர்கள்.